ஒரு பெட்டி நிறையப் பழைய ஹாட் ராட், எஞ்சின் ஸ்வாப் கையேடுகள் கிடைத்திருக்கின்றன. எதை வைப்பது, எதை விடுவது?

ஓஹையோக்காரன் | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு. நான் இருப்பது டேட்டன் பக்கம். பக்கத்து வீட்டுப் பாட்டி கராஜைக் காலி செய்கிறார். கணவர் போய் ஆறு வருஷமாகிறது. நேற்று என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் பழைய புத்தகம் என்றால் உயிராச்சே" என்று சொல்லி ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டார்.

உள்ளே ஐம்பதுகளின் ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) மாத இதழ்கள் பதினான்கு, டிரெண்ட் புக்ஸ் என்று போட்ட மெல்லிய அட்டைப் புத்தகங்கள் மூன்று, எடல்பிராக் என்ற கார் பாகக் கம்பெனியின் கேட்டலாக் ஒன்று, கலிபோர்னியா பில் பெயரில் ஒரு கையேடு, எழுபதுகளின் பீட்டர்சன் பதிப்பக எஞ்சின் ஸ்வாப் (ஒரு காரில் வேறு காரின் எஞ்சினை வைப்பது) புத்தகம் ஒன்று. இவை போக, அட்டையே இல்லாத சின்னக் கையேடு ஒன்றும் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. பழைய ஃபோர்டு காரில் செவ்ரலே வி8 எஞ்சினை வைப்பது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்திருக்கிறது, பல பக்கங்களில் எண்ணெய்க் கறை. கடைசிப் பக்கத்தின் வெற்றிடத்தில் பென்சிலால் பெரிதாக 18436572 என்று எழுதியிருக்கிறது. யாருடைய போன் நம்பரோ தெரியவில்லை. 11ஆம் பக்கத்தின் குறுக்கே பென்சிலில் ஒரு கோடு. ஓரத்தில் "58 பிளாக், சைடு மவுண்ட்" என்ற பொருளில் ஒரு குறிப்பு.

பென்சில் எழுத்தை மட்டும் ரப்பர் வைத்து அழித்துவிடலாமா? மற்றபடி இதில் எவை வைத்துக்கொள்ளத் தகுந்தவை?

---

ஃபிளாட்ஹெட்32 | சனி, இரவு 9.58

நண்பரே, ரப்பரை முதலில் கீழே வையுங்கள்.

அது போன் நம்பர் இல்லை. 1-8-4-3-6-5-7-2 என்பது செவ்ரலே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து பிளக் ஒயர்கள் அந்த வரிசையில்தான் எட்டு சிலிண்டருக்கும் போக வேண்டும். பழைய ஃபோர்டு ஃபிளாட்ஹெட் (வால்வுகள் எஞ்சின் உடலிலேயே இருக்கும் பழைய வகை) வி8க்கு அது 1-5-4-8-6-3-7-2. சிலிண்டருக்கு எண் கொடுக்கும் முறையும் இரண்டு கம்பெனிகளிலும் வேறு வேறு.

அந்த மனிதர் பல வருஷம் ஃபிளாட்ஹெட்டில் கை பழகியவராக இருப்பார். விரலுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது பழைய வரிசை. புதிய எஞ்சின் வந்ததும், வேலைக்கு நடுவே நிமிர்ந்தால் கண்ணில் படட்டும் என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து உங்கள் பெட்டியிலேயே விலைமதிப்புள்ளது அந்த எட்டு இலக்கங்கள்தான்.

---

காகிதப்பித்தன் | சனி, இரவு 10.31

ஓஹையோக்காரரே, வரவேற்கிறேன். அட்டை போய்விட்டதால் அந்தச் சின்னக் கையேட்டை ஒதுக்கிவிடாதீர்கள். எந்த வருஷம் அச்சானது என்பதை அதன் உள்ளே இருப்பதை வைத்தே கண்டுபிடிக்கலாம். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

எஞ்சின் படத்தில் மவுண்ட் (எஞ்சினை ஃபிரேமில் தாங்கும் பிடி) எங்கே இருக்கிறது, பிளாக்கின் (எஞ்சினின் வார்ப்பு உடல்) முன் முகத்திலா, பக்கவாட்டிலா? எஞ்சின் அளவாக (கன அங்குலத்தில்) என்னென்ன எண்கள் வருகின்றன, 265 மட்டுமா, 283ம் உண்டா, 327 எங்காவது தென்படுகிறதா? 348 பற்றி ஏதாவது பேச்சு உண்டா? பின்பக்கத்தில் தபால் விலாசம் இருந்தால் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்க எண்ணா, ஐந்து இலக்க எண்ணா?

---

ஓஹையோக்காரன் | சனி, இரவு 11.20

பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். 265, 283 இரண்டும் வருகின்றன. 283ஐப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனைப் புது விஷயம் போல எழுதியிருக்கிறார்கள். 327 இல்லை, 348ம் இல்லை. விலாசத்தில் லாஸ் ஏஞ்சலஸ், அதன் பிறகு இரண்டு இலக்கம், பிறகு கலிஃப். என்று முடிகிறது. 11ஆம் பக்கப் படத்தில் எஞ்சினின் முன் முகத்தில் ஒரு குறுக்குப் பட்டை போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. பக்கவாட்டில் எதையும் காணோம்.

போன் நம்பர் என்று நினைத்து அழிக்க இருந்தேன். நினைத்தாலே பதறுகிறது.

---

காகிதப்பித்தன் | ஞாயிறு, காலை 7.15

அருமை, கிட்டத்தட்டக் கையில் வந்துவிட்டது.

ஐந்து இலக்க ஜிப் கோடு வந்தது 1963 ஜூலையில். அதற்கு முன், 1943 முதல், பெரிய ஊர்களுக்கு ஒன்றிரண்டு இலக்கத்தில் தபால் மண்டல எண் இருந்தது. ஆக 63க்கு முந்தையது. 283 எஞ்சினும் ரோச்செஸ்டர் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனும் 1957 மாடலில் வந்தவை. ஆக 57க்கு முன் அச்சாகியிருக்க வழியில்லை. 348 வந்தது 1958 மாடலில், 327 வந்தது 1962இல். இரண்டையும் காணோம். எல்லாவற்றையும் விட முக்கியமான சாட்சி மவுண்ட். 55 முதல் 57 வரையிலான செவ்ரலே கார்களில் எஞ்சினை முன் முகத்தில்தான் தாங்கினார்கள். பக்கவாட்டில் மவுண்ட் வைக்கும் மேடு பிளாக்கில் வார்க்கப்பட்டது 58இலிருந்துதான்.

எனவே உங்கள் கையேடு 1957இல் அச்சானது, தள்ளிப் போனால் 58இன் தொடக்கம். ஓரத்துப் பென்சில் குறிப்பு அதற்குப் பிந்தையது. புத்தகம் அச்சான பிறகு வந்த பிளாக் அந்த மனிதரின் கைக்கு வந்திருக்கிறது. 11ஆம் பக்கம் தனக்கு உதவாது என்று கண்டதும் கோடு கிழித்துவிட்டார்.

---

எண்ணெய்க்கை | ஞாயிறு, காலை 10.05

என் பங்குக்குக் கொஞ்சம். நான் புத்தகம் சேர்ப்பவன் இல்லை. தென் கலிபோர்னியாவில் வார இறுதிகளில் பழைய ஃபோர்டுகளில் வேலை செய்கிறேன். இந்தக் கையேடுகளை வாங்குவது தேவைக்காகத்தான்.

இவை ஏன் உண்டாயின என்று தெரிந்தால் எது நல்ல புத்தகம் என்பது தானாக விளங்கும். 1932இல் ஃபோர்டு 221 கன அங்குல ஃபிளாட்ஹெட் வி8ஐ மலிவு விலைக் காரில் கொடுத்தது. அடுத்த பதினைந்து இருபது வருஷம் வேகத்துக்கு அலைந்த பையன்களுக்கெல்லாம் அதுதான் எஞ்சின். ஆனால் அதன் எக்ஸாஸ்ட் வழி பிளாக்கின் உள்ளேயே வாட்டர் ஜாக்கெட்டை ஒட்டிப் போகிறது. ஒவ்வொரு பக்கமும் நடுவில் உள்ள இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வாய். அதனால் எப்போதும் சூட்டுத் தொல்லை. 1949இல் ஓல்ட்ஸ்மொபீலும் காடிலாக்கும் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இருக்கும் ஓவர்ஹெட் வால்வு வி8 கொண்டுவந்தன. 51இல் கிரைஸ்லர் ஹெமி. 55இல் செவ்ரலே 265. விபத்தில் நொறுங்கிய புதுக் கார்கள் காயலான்கடைக்கு வர வர, எஞ்சின் மலிவாகக் கிடைத்தது. கையில் ஃபோர்டு, தரையில் செவ்ரலே எஞ்சின். நடுவே நூறு சிக்கல். அந்த நூறையும் எழுதி வைத்தவைதான் இந்தக் கையேடுகள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1940 ஃபோர்டில் செவ்ரலே வி8 வைக்கிறீர்கள் என்று வையுங்கள். ஃபிளாட்ஹெட்டுக்கு ரேடியேட்டரிலிருந்து மேலே இரண்டு ஹோஸ், கீழே இரண்டு. செவ்ரலேக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ரேடியேட்டர் டாங்கை வெட்டி ஒட்டாமல் தண்ணீர் ஓடாது. ஃபோர்டு 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை கார் உடலோடு). 55 செவ்ரலே 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். விளக்கு, மீட்டர், ஹீட்டர் மோட்டார் என்று எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின் முனையில் இருக்கிறது, ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) இடிக்கும். இடது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டியரிங் பாக்ஸின் மேல் போய் உட்காரும். பின்னால் ஃபோர்டின் டார்க் டியூப். டிரைவ்ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடியிருப்பதால் ஃபோர்டு கியர்பாக்ஸையே வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் செவ்ரலே எஞ்சினுக்கும் அந்தக் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அடாப்டர் வேண்டும்.

நல்ல கையேடு என்பது இதையெல்லாம் வரிசையாகக் கேட்கும். மட்டமானது "எஞ்சினை இறக்கவும்" என்று ஒரு வரியில் தாண்டிவிடும். பளபள அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். ஆயில் பேனுக்கும் கிராஸ்மெம்பருக்கும் (ஃபிரேமின் குறுக்குச் சட்டம்) நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளவு போட்டிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. 55 முதல் 57 வரையிலான எஞ்சினுக்கு முன்பக்க மவுண்ட் என்பது பழைய ஃபோர்டுக்கு ஒரு வரம். ஃபிளாட்ஹெட்டும் முன்னால் வாட்டர் பம்பு வழியாகத்தான் ஃபிரேமில் உட்கார்ந்தது. ஒரு குறுக்குப் பட்டை செய்து போல்ட் போட்டால் செவ்ரலே எஞ்சின் அதே ஃபோர்டு மேடையில் உட்காரும், வெல்டிங்கே வேண்டாம். 11ஆம் பக்கப் படம் அதுதான். கியர் ஷிஃப்டருக்குப் பேர் போன ஜார்ஜ் ஹர்ஸ்டும் முதலில் பிழைத்தது இப்படிப்பட்ட மவுண்ட்களை விற்றுத்தான், ஷிஃப்டர் எல்லாம் அப்புறம் வந்தவை.

---

மிச்சிகன்வாசி | ஞாயிறு, பிற்பகல் 1.22

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு, சொல்லிவிடுகிறேன். பென்சில் குறிப்பு, எண்ணெய்க் கறை எல்லாம் உணர்வுக்குச் சரி. ஆனால் நாற்பது வருஷம் கழித்து யாராவது ஒருவர் தெளிவான, முழுமையான பிரதியைத் தேடும்போது, கறை படிந்து அட்டை போன நூறு பிரதிகள் இருந்தும் பயன் இல்லை. நான் சுத்தமான பிரதிகளை மட்டுமே வாங்குகிறேன். ஒரே கையேட்டின் மூன்று பிரதிகளை வாங்கி, நல்லது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்றிருக்கிறேன். முழுப் பிரதி என்று ஒன்று எங்காவது இருந்தால்தான் உங்கள் குறைப் பிரதியில் என்ன இல்லை என்பதே தெரியும்.

---

ஃபிளாட்ஹெட்32 | ஞாயிறு, பிற்பகல் 1.50

மிச்சிகன்வாசி அண்ணே, முழுப் பிரதி வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுத்தமான பிரதி என்றால் யாரும் கராஜுக்குள் கொண்டுபோகாத பிரதி. அச்சிட்டவர் என்ன சொன்னார் என்பதை அது காட்டும். சொன்னது நடந்ததா என்பதைக் காட்டாது. என்னிடம் உள்ள ஒரு கையேட்டில் அடாப்டர் தட்டின் தடிமனுக்கு நேரே முதல் உரிமையாளர் பேனாவால் வேறு எண் எழுதியிருக்கிறார். நான் அளந்து பார்த்தேன். அவர் எழுதியதுதான் சரி, அச்சில் தப்பு. சுத்தமான பிரதியை நம்பி வேலை செய்திருந்தால் கிளட்ச் சரியாக உட்கார்ந்திருக்காது.

---

மிச்சிகன்வாசி | ஞாயிறு, பிற்பகல் 2.14

இது எனக்குப் புதிது. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட முடியுமா? என்னிடம் உள்ள பிரதியோடு ஒத்துப் பார்க்கிறேன். அச்சுத் தவறு எல்லாப் பிரதிகளிலும் உண்டா, பிந்தைய அச்சில் திருத்தினார்களா என்று தெரிய வேண்டும்.

---

காகிதப்பித்தன் | ஞாயிறு, மாலை 4.40

பெட்டியில் உள்ள மற்றவற்றைப் பற்றி. ஹாட் ராட் இதழ் 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சனும் ராபர்ட் லிண்ட்சேயும் சேர்ந்து லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்தது, விலை 25 சென்ட். அந்த முதல் வருஷத்து இதழ்கள்தான் அரிது. ஐம்பதுகளின் நடுவில் வந்தவை இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஸ்வாப் கட்டுரை உள்ள இதழ்களைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் இதழ் பின்னாளில் மறுபதிப்பாகவும் வந்திருக்கிறது, ஏமாந்துவிடாதீர்கள். நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். இணையத்தில் ஒருவர் அசல் என்று விற்றார், வந்ததும் சந்தேகம். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினேன். தாள் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தது. தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர் சாயம் பரவலானது 1950க்குப் பிறகுதான். 48ஆம் வருஷத்து மலிவுத் தாள் அப்படி ஒளிராது, மங்கிக் கிடக்கும். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஸ்வாப் மீட்டுக்கு (பழைய பாகங்கள் விற்கும் சந்தை) போகும்போதெல்லாம் அந்தச் சின்ன விளக்கும் சட்டைப்பையில் வரும்.

கலிபோர்னியா பில் என்பவர் பில் ஃபிஷர். பின்னாளில் ஹெச்பி புக்ஸ் பதிப்பகத்தைத் தொடங்கியவர். அவருடைய கையேடுகளுக்கும் மறுபதிப்பு உண்டு. அதே சோதனையைச் செய்து பாருங்கள். மறுபதிப்பாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம், வேலைக்கு அதுவே போதும்.

பீட்டர்சனின் எழுபதுகளின் ஸ்வாப் புத்தகத்தைப் பலர் மதிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தக் காலத்துக்குள் ஸ்வாப்பின் முகமே மாறிவிட்டது. 1971 மாடலாக வந்த செவ்ரலே வேகா என்ற சின்னக் காரின் அலுமினிய 2.3 லிட்டர் எஞ்சின் சூடாகிக் கெட்டுப்போனதால், அதில் வி8 வைப்பது தனித் தொழிலாகவே ஆயிற்று. டெக்சாஸின் ஃபிளாய்டாடாவில் டான் ஹார்டி அதற்கென்றே கிட் விற்றார். டாட்சன் 240இசட்டுக்குள் வி8, பழைய ஜீப்புக்குள் வி8 என்று அடுத்தடுத்து வந்தன. அந்தப் பக்கங்களில் "நாங்கள் இப்படிச் செய்தோம், ரேடியேட்டர் போதவில்லை, மறுபடி மாற்றினோம்" என்று தோல்வியையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். நாற்பதுகளின் கையேடுகளில் அந்த நேர்மை குறைவு. பெரும்பாலும் பாகம் விற்கிறவர்கள் எழுதியவை அவை.

---

ஓஹையோக்காரன் | ஞாயிறு, இரவு 8.02

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பெட்டியை இப்போது பேஸ்மென்ட்டில் வைத்திருக்கிறேன், அங்கே இருக்கலாமா? ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினால் சட்டச் சிக்கல் வருமா?

---

காகிதப்பித்தன் | ஞாயிறு, இரவு 8.45

இன்றைக்கே பேஸ்மென்ட்டிலிருந்து மேலே கொண்டுவாருங்கள். ஓஹையோ கோடையில் பேஸ்மென்ட் காற்று ஈரம். மலிவுத் தாளில் ஏற்கெனவே அமிலம் இருக்கிறது, ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும், ஸ்டேப்பிள் பின்னும் துருவேறித் தாளைத் தின்றுவிடும். படுக்கையறை அலமாரி போதும். வெயில் படாமல், படுத்த வாக்கில் அடுக்குங்கள். ராமபாணப் பூச்சி தென்பட்டால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் தாள் வியர்க்கும். பாலியெஸ்டர் உறை நல்லது, பிவிசி உறை கூடவே கூடாது. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினால் பத்து வருஷத்தில் மஞ்சள் கறைதான் மிஞ்சும்.

ஸ்கேன் விஷயம். 1964க்கு முன் அமெரிக்காவில் அச்சானவற்றுக்கு 28ஆம் வருஷம் பதிப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்கவில்லை என்றால் பொதுச்சொத்து. புதுப்பித்தார்களா என்பதை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதிவேட்டில் பார்க்க வேண்டும். பெரிய பதிப்பகம் என்றால் கூடுதல் கவனம் தேவை. எழுபதுகளின் புத்தகத்தை ஏற்றவே வேண்டாம். உங்கள் சொந்தப் பாதுகாப்புக்கு ஸ்கேன் எடுத்து வைப்பதில் தயங்காதீர்கள்.

---

எண்ணெய்க்கை | ஞாயிறு, இரவு 9.30

ஸ்கேன் எடுக்கும்போது பென்சில் குறிப்புள்ள பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள். வண்ணத்தில் எடுங்கள், 600 டிபிஐ. கறுப்பு வெள்ளையில் பென்சில் கோடு காணாமல் போய்விடும், எண்ணெய்க் கறை கறுப்புத் திட்டாகி அளவு எண்களை மறைத்துவிடும். நான் இப்படி ஒரு பக்கத்தை இழந்தேன். ஸ்கேன் இருக்கிறதே என்று அசலை நண்பரிடம் கொடுத்துவிட்டேன்.

58 பிளாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 58க்குப் பிறகும் பிளாக்கின் முன் முகத்தில் அந்தத் துளைகள் இருந்தன. வேண்டுமென்றால் 11ஆம் பக்கத்துப் பட்டையை அவர் அப்படியே மாட்டியிருக்கலாம். ஆனாலும் கோடு கிழித்திருக்கிறார். முன்னால் ஒரு பட்டை, பின்னால் கியர்பாக்ஸ் என்று மட்டும் தாங்கினால் நடு எடைக்குப் பிடிமானம் இல்லை. பக்கவாட்டு மவுண்டுக்கு ஃபிரேமில் பிராக்கெட் வெல்டிங் செய்ய வேண்டும், கூடுதல் வேலை. அவர் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றால் வெல்டிங் தெரிந்தவர்.

---

ஓஹையோக்காரன் | செவ்வாய், இரவு 10.11

நேற்றும் இன்றும் பாட்டி வீட்டுக்குப் போனேன். கையேட்டைக் கொண்டுபோய் அந்த எட்டு இலக்கத்தைக் காட்டி, இது எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் என்று சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கணவருடைய 4 எப்போதும் மேல் வாய் திறந்தே இருக்குமாம். இது அவர் கைதான் என்று விரலை வைத்துக் காட்டினார்.

பிறகு உள்ளே போய் ஒரு ஷூ பெட்டியை எடுத்து வந்தார். அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. 1940 ஃபோர்டு கூபே, ஹூட் திறந்திருக்கிறது. முன்னால் இளைஞராக அவர், சட்டைக் கை மடித்துவிட்டு நிற்கிறார். நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து முதலில் எஞ்சினின் முன் முகத்தைத்தான் பார்த்தேன். குறுக்குப் பட்டை இல்லை. இடது பக்கம், ஸ்டியரிங் பாக்ஸுக்குக் கொஞ்சம் முன்னால், ஃபிரேமிலிருந்து ஒரு முக்கோண பிராக்கெட் மேலே வருகிறது. ரேடியேட்டருக்கு மேலே ஒரே ஒரு ஹோஸ்.

வெல்டிங் தெரியுமா என்று கேட்டேன். முப்பத்தொரு வருஷம் அதுதான் அவருக்கு வேலை என்றார்.

அந்தக் கையேட்டை மட்டும் திருப்பித் தர முடியுமா என்று பாட்டி கேட்டார். கொடுத்துவிட்டேன். அதற்கு முன் முப்பது பக்கத்தையும் 600 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டேன். பாலியெஸ்டர் உறையில் போட்டுக் கொடுத்தேன், படுக்கையறை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். மற்றவை என் அலமாரியில் படுத்த வாக்கில் இருக்கின்றன. மிச்சிகன்வாசி, உங்களிடம் இதன் முழுப் பிரதி இருந்தால் முதல் இரண்டு பக்கங்களும் அட்டையும் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. பாட்டிக்கும் ஒரு அச்சு எடுத்துக் கொடுப்பேன்.

---

மிச்சிகன்வாசி | புதன், காலை 6.35

என்னிடம் 57 வாக்கில் வந்த லாஸ் ஏஞ்சலஸ் கையேடுகள் நான்கு இருக்கின்றன. உங்கள் 11ஆம் பக்க ஸ்கேனை அனுப்புங்கள், நான்கிலும் ஒத்துப் பார்க்கிறேன். எது பொருந்தினாலும் அட்டையை வண்ணத்தில் எடுத்து அனுப்புகிறேன்.

அந்த 18436572 பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். எனக்காகக் கேட்கிறேன்.